பெங்களூரு வண்டியைச் சேலத்துக்குக் கொண்டுவரலாமா? லைஃப் டாக்ஸ், என்.ஓ.சி. பற்றி விவரம் தேவை

சேலத்துப்_பையன்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்கு முதல் கார் வாங்கப் போகிறேன். அப்பாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. ஆட்டோவில் உட்கார்ந்து வர அவரால் முடியவில்லை, அதனால் ரொம்ப நாள் தள்ளிப்போடவும் முடியாது.

பெங்களூரில் ஒரு வண்டி பார்த்துவிட்டு வந்தேன். 2019 நவம்பர் டீசல், பி.எஸ். 4 (புகை அளவுத் தரம்), சிங்கிள் ஓனர், கே.ஏ. 51 பதிவு, 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அன்றைய ஷோரூம் விலை 11 லட்சம். இப்போது 5.75 லட்சம் கேட்கிறார். இதே மாடல் சேலத்தில் 6.80 லட்சத்துக்குக் கீழே கிடைக்கவில்லை. ஒரு லட்சம் மிச்சம் என்பது எனக்குப் பெரிய தொகை.

விற்பவர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். "ஒரு வருஷம் வரை கே.ஏ. நம்பரிலேயே ஓட்டலாம், சட்டத்திலேயே இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், நீங்கள் மெதுவாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார். இது சரியா? வரி எவ்வளவு வரும்? பி.எஸ். 4 வண்டியைத் தமிழ்நாட்டில் பதிவு செய்ய முடியுமா?

நெடுஞ்சாலை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். முடியும். 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பி.எஸ். 4 வண்டியைப் புதிதாகப் பதிவு செய்யக்கூடாது என்பதுதான் தடை. ஏற்கெனவே பதிவான வண்டி மாநிலம் மாறுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு வருட விஷயத்தில் அவர் சொல்வது பாதி உண்மை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்கிறது. அது நம்பர் பற்றிய விதி. வேலை மாற்றலில் தன் சொந்த வண்டியோடு வருகிறவருக்குப் பொருந்தும் அவகாசம். உங்கள் நிலைமை வேறு. நீங்கள் வண்டியை வாங்குகிறீர்கள். பெயர் மாற்றத்துக்குப் பிரிவு 50 தனியாகக் கெடு வைத்திருக்கிறது. வேறு மாநிலத்தவருக்கு விற்றால் விற்பவர் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் 30 நாளுக்குள். ஒரு வருடம் என்ற பேச்சே அங்கே கிடையாது.

இனி வரி. நம்பர் பதிவு மத்திய சட்டத்தின் கீழ் வருகிறது, அதனால் கே.ஏ. வண்டி நாடு முழுக்க ஓடலாம். ஆனால் வாகன வரி மாநிலத்துக்கு உரியது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 57-ஆவது இனம் அதுதான். அதனால் கர்நாடகாவுக்கு லைஃப் டாக்ஸ் கட்டியாகிவிட்டது என்று இங்கே சொல்லிப் பயனில்லை. "லைஃப்" என்றால் அந்த மாநிலத்துக்குள் அந்த வண்டியின் ஆயுள், அவ்வளவுதான். சேலத்தில் பதிவு செய்யும்போது தமிழ்நாட்டுக்குத் தனியாகக் கட்டத்தான் வேண்டும்.

சேலத்துப்_பையன்

ரொம்ப நன்றி சார். நான் கொடுக்கும் 5.75 லட்சத்துக்குத்தானே வரி போடுவார்கள்?

நெடுஞ்சாலை

இல்லை. பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். வண்டி புதிதாக வாங்கப்பட்டபோது என்ன விலையோ அதுதான் அடிப்படை. நீங்கள் பேரம் பேசிக் குறைத்த விலைக்கு அங்கே மதிப்பில்லை. வண்டியின் வயது கூடக்கூட விகிதம் இறங்கும், ஆனால் மெதுவாகத்தான் இறங்கும்.

2023 நவம்பரில் தமிழ்நாடு விகிதங்களை உயர்த்தியது. புதிய காருக்கு 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. முன்பு 10 லட்சம் வரை 10%, அதற்கு மேல் 15% என்று இருந்தது. 11 லட்சம் வண்டி 18% வரிசையில் விழுகிறது. அதே வண்டியின் அசல் விலை 9.9 லட்சமாக இருந்திருந்தால் 13% வரிசைக்குள் நின்றிருக்கும். வயதுக்கான கழிவு போனாலும் உங்களுக்கு வரி ஒரு லட்சத்தைத் தாண்டும். மிச்சம் என்று நீங்கள் நினைத்த தொகை அங்கேயே முடிந்துவிட்டது.

அவரிடம் முதல் இன்வாய்ஸ் நகல் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை அது.

ஓசூர்_குருவி

நான் இரண்டு முறை இந்த வேலையைச் செய்தவன். இரண்டும் பெங்களூரு வண்டிகள். முதல் தடவை பட்ட கஷ்டத்தால் இரண்டாவது தடவை சுலபமாக முடிந்தது. உங்களுக்கு அந்த முதல் தடவை வேண்டாம் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வண்டி பார்க்கப் போகும்போதே எம்-பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். கடன் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை, யார் பெயரில் இருக்கிறது எல்லாம் வந்துவிடும். கடன் முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது. படிவம் 35-உம் வங்கிக் கடிதமும் சேர்த்துக் கொடுத்து ஹெச்.பி. (வண்டி மேலுள்ள கடன் பதிவு) கேன்சல் ஆகி, ஆர்.சி.யிலிருந்து (பதிவுச் சான்றிலிருந்து) வங்கியின் பெயர் போயிருக்க வேண்டும். என் முதல் வண்டியில் கடன் அடைத்து இரண்டு வருடம் ஆகியும் உரிமையாளர் இதைச் செய்யாமல் விட்டிருந்தார். வங்கிக் கடிதமும் காலாவதி. புதுக் கடிதம் வாங்க அவர் அலைந்ததில் ஒரு மாதம் போனது.

அடுத்து டிராபிக் அபராதம். அது பாக்கி நின்றால் என்.ஓ.சி. (வண்டி வேறு மாநிலம் போக ஆட்சேபணை இல்லை என்று பழைய ஆர்.டி.ஓ. தரும் சான்று) நகராது. 2023 பிப்ரவரியில் கர்நாடகாவில் பழைய அபராதங்களைப் பாதி கட்டினால் போதும் என்று சலுகை கொடுத்தார்கள், 2025-லும் கொடுத்தார்கள். அப்போதுதான் பலருக்குத் தன் வண்டி மேல் இத்தனை பாக்கி இருப்பதே தெரிய வந்தது. அதனால் பாக்கி இல்லை என்று உரிமையாளர் சொன்னாலும் நீங்களே பாருங்கள்.

பிறகு என்.ஓ.சி. படிவம் 28. பரிவாஹன் தளத்தில் விண்ணப்பித்து, அச்செடுத்து, கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். எந்த ஆர்.டி.ஓ.வுக்குப் போகிறது என்று அதிலேயே எழுதிவிடுவார்கள், எனவே உங்கள் முகவரி எந்த ஆபீஸில் வருகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சேலத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட ஆபீஸ் இருக்கிறது. பிரிவு 48-இன்படி 30 நாளுக்குள் என்.ஓ.சி. தர வேண்டும், இல்லையென்றால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தந்ததாகவே கருதப்படும் என்பது சட்டம். ஆனால் தாள் கையில் இல்லாமல் இந்தப் பக்கம் எந்தக் கவுண்டரிலும் வேலை நடக்காது. தாளோடு வாருங்கள்.

இப்போது பென்சில் பிரிண்ட். படிவத்தில் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒட்ட வேண்டும். சிலர் இதைத் தரகரிடம் விட்டுவிடுவார்கள், நீங்கள் விடாதீர்கள். நம்பர் அடித்த இடத்தை உரிமையாளரிடமே கேட்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். அழுக்கு போனதும் மெல்லிய தாளை அதன் மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழும்பி வரும். மொத்தம் 17 இருக்கும். அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. எனவே வட்டமாக இருந்தால் அது பூஜ்யம்தான். ஆர்.சி.யை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மட்டும் வரிசையைவிட்டு ஏறி இறங்கியிருந்தாலோ, சுற்றியுள்ள தகடு ராவியதுபோல் வழவழப்பாக இருந்தாலோ, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

சேலம் வந்ததும் படிவம் 27 (புது எண்), படிவம் 30 (பெயர் மாற்றம்) இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடலாம். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்ப்பார், அந்தப் பென்சில் பிரிண்டையும் சரிபார்ப்பார். வண்டி திருட்டு வழக்கில் இல்லை என்பதற்கு என்.சி.ஆர்.பி. (தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்) தளத்திலிருந்து எடுத்த தாளைச் சில ஆபீஸில் கேட்பார்கள், முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசுக் கட்டணம் எல்லாம் சில நூறு ரூபாய்தான். வரிதான் பெரிய தொகை.

அத்திப்பள்ளி_டோல்

நான் எட்டு வருடமாகக் கே.ஏ. வண்டியைத் தருமபுரியில் ஓட்டுகிறேன். வாங்கியபோது ஓப்பன் படிவத்தில் (வாங்குபவர் பெயர் எழுதாதது) கையெழுத்து வாங்கி வைத்தேன், அப்படியே இருக்கிறது. யாரும் கேட்டதில்லை. எல்லையில் சொந்த வண்டியை நிறுத்திப் பார்ப்பதும் இல்லை. தம்பி, இவர்கள் சொல்வதைக் கேட்டுப் பயந்து நல்ல வண்டியை விட்டுவிடாதே.

எலக்ட்ரானிக்சிட்டி_தமிழன்

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வண்டியைப் போன்ற ஒரு வண்டியை விற்றவன் நான்.

2016-இல் என் காரை ஒருவருக்கு விற்றேன். இதேபோல் கையெழுத்துப் போட்ட தாள்களைக் கொடுத்துவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு மறந்துவிட்டேன். அவர் இன்னொருவருக்கு விற்றிருக்கிறார், அந்த ஆள் இன்னொருவருக்கு. மூன்று வருடம் கழித்து வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. அந்தக் கார் வேலூர் பக்கம் ஒரு இருசக்கர வாகனத்தில் மோதி ஒருவருக்குக் கால் போயிருந்தது. இன்ஷூரன்ஸ் முடிந்து எட்டு மாதம். ஆர்.சி.யில் என் பெயர். இழப்பீட்டு வழக்கில் முதல் எதிர்மனுதாரர் நான்.

விற்றுவிட்டேன் என்று சொன்னேன். வக்கீல் 2018-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக் காட்டினார். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், கைமாறிக் கைமாறி வண்டி எங்கே போயிருந்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையது என்று தீர்ப்பு. விபத்தில் அடிபட்டவர் வண்டியின் கடைசிக் கைக்காரரைத் தேடி ஊர் ஊராக அலைய முடியுமா என்பது அதன் நியாயம். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கால் போன அந்த மனிதருக்கு 27 வயது.

உங்கள் வண்டியை விற்றவர் இன்று எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் இந்த வாரமே பேசிப் பெயரை மாற்றிவிடுங்கள். அவருக்குச் செய்யும் உதவி அது. அவர் காலமாகிவிட்டால் அந்த ஓப்பன் படிவம் வெறும் தாள்தான், வாரிசுகளைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

சேலம் தம்பி, அந்த விற்பவருக்கும் இதைச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் பாவம்.

அத்திப்பள்ளி_டோல்

இப்படி ஒரு கோணத்தில் நான் யோசித்ததில்லை. அவர் மைசூருக்குப் போய்விட்டார், நம்பர் இருக்கிறது. பேசுகிறேன். எட்டு வருடப் பழைய வண்டிக்கு இப்போது வரி எப்படி வரும்?

நெடுஞ்சாலை

வயதுக்கேற்ற விகிதம்தான் வரும் அண்ணா. தாமதத்துக்கு அபராதமும் சேரும். அது எவ்வளவு என்பதை ஆபீஸில்தான் சொல்ல முடியும். நீங்களாகவே போய் நிற்பதும், சோதனையில் பிடிபட்டு நிற்பதும் ஒன்றல்ல.

பாலிசி_அக்கா

இருபது வருடமாக வாகனக் காப்பீட்டில் வேலை செய்கிறேன். எல்லோரும் வரியைப் பற்றியே பேசுகிறீர்கள், பாலிசியை விட்டுவிட்டீர்கள்.

பிரிவு 157-இன்படி வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே வாங்குபவருக்கு மாறியதாகக் கருதப்படும். ஆனால் உங்கள் சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி தானாக மாறாது. 1995-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் வரும் வழியில் தொப்பூர் கணவாயில் லாரி இடித்தால் வண்டியைப் பழுது பார்க்கும் செலவு முழுக்க உங்கள் கையிலிருந்து. அந்த இறக்கத்தில் எத்தனை வண்டிகள் நசுங்கியதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இன்னொன்று. பழைய உரிமையாளருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான பிரீமியக் கழிவு) அவருக்குரியது, வண்டியோடு வராது. அவர் 50% கழிவில் பிரீமியம் கட்டியிருந்தால், பெயர் மாற்றும்போது அந்த வித்தியாசத்தை உங்களிடம் வசூலிப்பார்கள். அதையும் கணக்கில் சேருங்கள். டி.என். நம்பர் வந்தவுடன் பாலிசியில் அந்த எண்ணையும் திருத்த வேண்டும்.

காவிரிக்கரை

கர்நாடகா வரியில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கலாமே? யாரும் சொல்லவில்லையே.

ஓசூர்_குருவி

வாங்கலாம், சொல்ல மறந்துவிட்டேன். 11 லட்சம் வண்டிக்கு அங்கே 17% லைஃப் டாக்ஸ், அந்த வரி மேல் 11% செஸ் (கூடுதல் வரி). இரண்டும் சேர்ந்து 2,07,570 ரூபாய். முதல் உரிமையாளர் கட்டியிருப்பார். வண்டி வேறு மாநிலத்தில் பதிவாகிவிட்டால் வயதுக்கேற்ப வரியில் ஒரு பகுதி திரும்பும். புது ஆர்.சி. நகல், என்.ஓ.சி. நகல், தமிழ்நாட்டில் வரி கட்டிய ரசீது எல்லாம் வைத்து அந்தப் பழைய ஆபீஸில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பணம் யாருக்கு என்பதில்தான் சண்டை வரும். வரி கட்டியவர் அவர். திரும்பக் கிடைப்பதற்கான காகிதத்தை உண்டாக்கியவர் நீங்கள், உங்கள் செலவில். நான் இரண்டாவது வண்டியில் பேச்சு முடிக்கும்போதே விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் எழுதிக்கொண்டேன்: ரீஃபண்ட் விண்ணப்பத்துக்கு விற்பவர் கையெழுத்திட்டு ஒத்துழைக்க வேண்டும், வரும் தொகை வாங்குபவருக்கு. அவர் கணக்குக்கு வந்து, எனக்கு மாற்றிவிட்டார். முதல் வண்டிக்கு எழுதிக்கொள்ளவில்லை, போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

ஒரு எச்சரிக்கை: ரீஃபண்டை நம்பி விலை பேசாதீர்கள். என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

காவிரிக்கரை

அப்படியானால் என் மைத்துனர் சொல்வதுபோல் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்தால் என்ன? அங்கே வரி ரொம்பக் குறைவாமே. அல்லது பி.ஹெச். நம்பர் (மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத பாரத் வரிசை)?

நெடுஞ்சாலை

உண்மையில் புதுச்சேரியில் குடியிருந்தால் தாராளமாகச் செய்யலாம். இல்லாத முகவரியைக் காட்டிப் பதிவு செய்தால் அது பொய் ஆவணம், வெறும் வரிப் பிரச்சினையாக நிற்காது. 2017-இல் கேரளாவில் விலை உயர்ந்த கார்கள் பலவற்றை இப்படிப் பதிவு செய்திருந்தது வெளிவந்து, குற்ற வழக்குகளே பதிவாயின. சாலையைப் பயன்படுத்துவது இங்கே, வரி கட்டுவது அங்கே என்றால் நம் ஊர் சாலைக்கு யார் கட்டுவது? மைத்துனரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பி.ஹெச். வரிசை 2021 செப்டம்பரில் வந்தது. பாதுகாப்புப் படையினர், அரசு ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் ஆகியோருக்குத்தான். இரண்டு இரண்டு வருடமாக வரி கட்டலாம். ஊர் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு நல்ல ஏற்பாடு. சேலத்திலேயே இருக்கப் போகிறவருக்கு அதில் என்ன லாபம்?

டீசல்_நெஞ்சம்

டெல்லி வண்டி இன்னும் மலிவு. யாரும் அதைச் சொல்லவில்லை.

எலக்ட்ரானிக்சிட்டி_தமிழன்

மலிவுக்குக் காரணம் இருக்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அங்கே 10 வருட டீசலுக்கும் 15 வருட பெட்ரோலுக்கும் தடை போட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதிலிருந்து அங்கே பழைய வண்டியின் விலை இறங்கிவிட்டது. ஆனால் வண்டியை இங்கே கொண்டுவரும் செலவு தனி, ஏதாவது கையெழுத்து விட்டுப்போனால் 2,000 கிலோமீட்டர் தாண்டிப் போக வேண்டும். பெங்களூரு என்றால் காலை பஸ் ஏறி மாலையில் திரும்பிவிடலாம்.

புதுவண்டி_ஆசை

இழையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். புது காரையே பெங்களூரு ஷோரூமில் வாங்கினால் இரண்டு முறை வரி வருமா?

நெடுஞ்சாலை

வராது, அங்கே தற்காலிகப் பதிவு மட்டும் செய்தால். இன்வாய்ஸோடு படிவம் 21 (விற்பனைச் சான்று), 22 (சாலைத் தகுதிச் சான்று) வாங்கிக்கொண்டு வந்து இங்கே நிரந்தரப் பதிவு செய்து, லைஃப் டாக்ஸை இங்கே மட்டும் கட்டலாம். முன்பு இதிலும் நுழைவு வரி என்று ஒன்று இருந்தது, 1990-ஆம் வருடச் சட்டம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அது போய்விட்டது.

ஜி.எஸ்.டி. பேச்சு வந்ததால்: பழைய வண்டியை ஒரு தனி மனிதரிடமிருந்து வாங்கினால் அதற்கு ஜி.எஸ்.டி. இல்லை. பதிவு பெற்ற டீலரிடம் வாங்கினால் அவருடைய லாபத்தின் மேல் 18%. 2024 டிசம்பர் கவுன்சில் கூட்டத்தில் முடிவானது. அவர் சொல்லும் விலைக்குள்ளேயே இருக்கும்.

சேலத்துப்_பையன்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். என்ன ஆனது என்று கேட்டுத் தனிச்செய்தி அனுப்பியவர்களுக்கும் சேர்த்து.

இன்வாய்ஸ் நகலை வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டினேன். நெடுஞ்சாலை சார் சொன்னது சரி, வரி ஒரு லட்சத்தைத் தாண்டியது. பாலிசி வித்தியாசம், புது நம்பர் பிளேட், இரண்டு முறை போய்வந்த செலவு எல்லாம் எழுதினால் சேலத்து வண்டியைவிட அதிகமாகிவிட்டது. விட்டுவிடலாம் என்றுதான் விற்பவருக்குப் போன் செய்தேன். கூடவே எலக்ட்ரானிக்சிட்டி அண்ணன் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஓப்பன் படிவமே வேண்டாம், நானே என்.ஓ.சி. எடுத்துத் தருகிறேன், விலையையும் குறைத்துக்கொள்கிறேன்" என்றார்.

5 லட்சத்துக்கு முடிந்தது. 25,000 அட்வான்ஸ் மட்டும் கொடுத்தேன், மீதி என்.ஓ.சி. கையில் வந்தபிறகு. அவர் மேல் நான்கு அபராதம் பாக்கி இருந்தது, அவருக்கே தெரியவில்லை. கட்டினார். என்.ஓ.சி. வர 23 நாள் ஆனது. பென்சில் பிரிண்டை நானும் அவரும் சேர்ந்து எடுத்தோம், 17 எழுத்தும் சரியாக இருந்தது. ரீஃபண்ட் பற்றிய வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறது, பாதிப் பாதி என்று பேசிக்கொண்டோம். அவர் நடந்துகொண்ட விதத்துக்கு முழுவதும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று டி.என். 30 பிளேட் மாட்டியாயிற்று. பாலிசியிலும் எண்ணைத் திருத்தக் கொடுத்துவிட்டேன் அக்கா. இன்று காலை அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார், திரும்பும்போது வழியிலேயே தூங்கிவிட்டார்.

அத்திப்பள்ளி_டோல்

ரொம்ப சந்தோஷம் தம்பி. நானும் மைசூருக்குப் பேசிவிட்டேன், திங்கட்கிழமை கிளம்புகிறேன். ஓசூர்_குருவி சார், படிவம் 28 எத்தனை பிரதி எடுத்துப் போக வேண்டும்?

ஓசூர்_குருவி

மூன்று. நான்காக எடுத்துக்கொள்ளுங்கள், பென்சில் பிரிண்ட் ஒன்றாவது கிழியும்.